மூடிப்போன போலந்து நாளிதழின் கடைசி இதழைத் தேடி 122 மைல்

போன சனிக்கிழமை, ரவுண்ட் ராக்கிலிருந்து பன்னா மரியாவுக்குப் போய்வந்தேன். டெக்சஸில் போலந்துக்காரர்கள் குடியேறிய பழைய ஊர். எல்லோரும் அங்கே தேவாலயம் பார்க்கப் போவார்கள். நான் போனது ஒரு பழைய பேப்பருக்காக.

என் ஆபீஸ் தோழி இரேனாவின் அப்பா வார்சாவில் ஒரு தேசிய நாளிதழில் பிழைதிருத்துபவராக இருந்தவர். கம்யூனிஸ்ட் கட்சி ஆட்சியில் தணிக்கை அதிகாரி பார்த்த பிறகே அந்தப் பேப்பர் அச்சுக்குப் போகுமாம். ஆட்சி மாறியது, தணிக்கை ஒழிந்தது. பிறகு முதலாளிகள் மாறினார்கள், விளம்பரம் குறைந்தது, ஒருநாள் இழுத்து மூடிவிட்டார்கள். அதற்கு ஒரு மாதம் முன்பு ஆள்குறைப்பை எதிர்த்து வெளியேறியவர்களில் இவரும் ஒருவர். கடைசி இதழில் அங்கே வேலை பார்த்த அத்தனை பேர் பெயரையும் போட்டார்கள். தன் பெயரை எடுத்திருப்பார்கள் என்று நினைத்து அவர் அதைத் தொடவே இல்லை. இப்போது வார்சாவில் படுத்த படுக்கை.

இணையத்தில் அந்த இதழ் கிடைக்கவில்லை. பன்னா மரியாவில் லிண்டா என்ற பெண், தன் மாமா தபாலில் வரவழைத்துச் சேர்த்த போலந்துப் பேப்பர்களைச் சனிக்கிழமை மதியம் பன்னிரண்டுக்கு மறுசுழற்சிக்கு லாரியில் ஏற்றப்போவதாக ஃபேஸ்புக்கில் எழுதியிருந்தாள். இரேனாவுக்குக் காலில் கட்டு. எனவே நான் ஓட்டுவதென்று முடிவானது.

"ஒரு பேப்பருக்காக இவ்ளோ தூரம் டிரைவ் பண்ணணுமா, ஃபாத்திமா?" என்றார் என் கணவர்.

"பண்ணணும். நீங்க பசங்கள ஸ்விம்மிங் கூட்டிட்டுப் போங்க."

காலை 7:10க்குக் கிளம்பினோம். செகீன் வரை 130 டோல் ரோடு, அங்கே காபி, பிறகு 123ஆம் நெடுஞ்சாலையில் தெற்கே. 9:50க்கு லிண்டா வீடு. ஷெட்டில் நாற்பது பெட்டிகள், எதிலும் தேதி வரிசை இல்லை. நான் பெட்டிகளை இறக்கினேன். இரேனா கவிழ்த்த வாளியில் காலை நீட்டிக்கொண்டு புரட்டினாள். 11:20க்கே லாரி வந்துவிட்டது.

"பன்னெண்டுன்னுதானே சொன்னீங்க? இன்னும் நாப்பது நிமிஷம் இருக்கு" என்று லிண்டாவிடம் சொல்லி, ஷெட் வாசலிலேயே நின்றுகொண்டேன். டிரைவர் என்னைப் பார்த்தார், சிரித்தார், அவரும் ஒரு பெட்டியைத் தூக்கி இரேனா பக்கத்தில் வைத்தார்.

11:50க்குக் கிடைத்தது. பெயர் இருந்தது! ஆனால் போலந்து மொழியில் ஒரு 'எல்' உண்டு, அதன் குறுக்கே சின்னக் கோடு வரவேண்டும். அவர் பெயரில் அந்தக் கோட்டைக் காணோம். நம் மெய்யெழுத்தில் புள்ளி விட்டுப்போன மாதிரி.

அங்கிருந்தே வார்சாவுக்கு வீடியோ கால். அங்கே மாலை ஏழு. இரேனாவின் அப்பா பக்கத்தை இன்னும் கிட்டே காட்டச் சொன்னார். பிறகு உரக்க ஏதோ சொன்னார். இரேனா அழுதுகொண்டே சிரித்தாள்.

"என்ன சொல்றார்?"

"இந்தப் பக்கத்த யார் பார்த்தது, நான் இருந்திருந்தா விட்டிருப்பேனான்னு திட்றார். பேப்பர அனுப்பணுமாம். கூட ஒரு சிவப்புப் பேனாவும்."

போய்வர பெட்ரோல் 23 டாலர், டோல் தனி. செகீனைத் தாண்டினால் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும், மேப்பை முன்பே டவுன்லோட் பண்ணிக்கொள்ளுங்கள். பழைய பேப்பரைத் தபாலில் அனுப்புவதாக இருந்தால் மடிக்காதீர்கள். மடித்த இடத்தில்தான் முதலில் கிழியும். நாங்கள் இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்து, பேனாவைத் தனியாகச் சுற்றி, திங்கட்கிழமை காலை அனுப்பினோம்.