மருதமுத்து அண்ணனின் மலாயாப் படம்

பஞ்சர் ஒட்டும் சொலூஷன் வாசம் மூக்கில் ஏறினால் எனக்கு லேசில் இறங்காது. போன வாரம் அட்டன் பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒருவர் ஆட்டோ டியூபுக்கு ஒட்டுப்போட்டுக்கொண்டிருந்தார். மருந்து வாங்க வந்தவன் மருந்தை மறந்துவிட்டு அங்கேயே நின்றேன். "என்னங்கய்யா, வண்டி பஞ்சருங்களா?" என்று கேட்டார். என்னிடம் ஏது வண்டி? நான் மருதமுத்து அண்ணனை நினைத்துக்கொண்டு நின்றேன்.

அந்தக் காலத்து உதைபந்துக்குள்ளே ரப்பர் பை ஒன்று இருக்கும். எங்கள் தோட்டத்துப் பந்தில் ரப்பரைவிட ஒட்டுத்தான் அதிகம். ஒட்டுகிற வேலையை அண்ணன் வேறு யாரிடமும் விடமாட்டார். தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பிடிக்கிற கை அது. ஆனாலும் அத்தனை பதமாக ஒட்டும். அவர் ஆடிய காலத்தில் மற்றத் தோட்டத்துக் கோல் காப்பவர்கள் அவருடைய இடது காலையே பார்த்துக்கொண்டு நிற்பார்களாம், பந்து வலது காலிலிருந்து வருமாம். நான் பார்க்கும்போது முழங்கால் போய், டீமை நடத்துகிறவராகிவிட்டார். காலையில் ஆட்களைக் கூட்டிப் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில்தான் ஞாயிற்றுக்கிழமை ஆட்டம். பதினொரு தேயிலைக் கொட்டைகளைச் சாக்கில் பரப்பி, யார் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று நகர்த்திக் காட்டுவார்.

யுத்தம் முடிந்ததும் மலாயாவுக்கு மாற்றலாகிப் போன துரை ஒருவர், அங்கே ரப்பர் தோட்டத்து டீமைப் பழக்குவதற்கு அண்ணனையும் கூட்டிக்கொண்டு போனார். இரண்டு வருஷம். தாயாருக்குச் சுகமில்லை என்று தந்தி வந்து திரும்பினார். கையில் ஒரு போட்டோ. விசிலும் வெள்ளைச் சட்டையுமாக அண்ணன் நடுவில், சுற்றிலும் பதினொரு பேர். அடியில் ஆங்கிலத்தில் அவர் பெயர், 'மேனேஜர்' என்ற பதவி, அங்கே இருந்த இரண்டு வருஷக் கணக்கு. தோட்டத்தில் மேனேஜர் என்றால் துரைதான். அதனால் நாங்கள் குடியிருந்த லயத்தில் எல்லாரும் அண்ணனைச் 'சின்னத்துரை' என்று கேலி பண்ணுவார்கள். அவருக்கு அது பிடிக்கும்.

மலாயாவிலிருந்து மறுபடியும் கூப்பிட்டார்கள். போவதற்குப் பாஸ்போர்ட் வேண்டும், பாஸ்போர்ட்டுக்குப் பிரஜாவுரிமை வேண்டும். இலங்கைக்குச் சுதந்திரம் வந்த கையோடு எங்கள் ஆட்களுடைய பிரஜாவுரிமை போயிருந்தது. விண்ணப்பம் போட்டுத்தான் வாங்க வேண்டும். நான் அப்போது அட்டனில் தொழிற்சங்கக் கந்தோரில், அதாவது ஆபீசில், விண்ணப்பம் எழுதுகிறவன். நாலு எழுத்து இங்கிலீஷ் தெரிந்த திமிர் வேறு. இடைவிடாமல் இங்கேயே இருந்திருக்க வேண்டும், ஒரு வருஷத்துக்கு மேல் வெளியே போயிருக்கக் கூடாது என்பது விதி. வெளியே இருந்த காலத்தைக் கேட்ட கட்டத்தை, தெரிந்தே காலியாக விட்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"அண்ணே, அந்தப் போட்டோவக் குடுங்க. நீங்க யாருன்னு அவனுங்களுக்கும் தெரியட்டும்" என்றேன்.

சிரிப்பீர்கள். துரை கிறுக்கிக் கொடுத்த சீட்டானாலும் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்து, எந்தக் கந்தோருக்குப் போனாலும் நற்சாட்சியாக நீட்டுவது எங்கள் ஆட்களின் வழக்கம். இங்கிலீஷ் எழுத்து இருந்தால் போதும், அது நமக்கு நல்லதுதான் செய்யும் என்று நம்பினோம். படித்த நானும் நம்பினேன். அண்ணன் சட்டை நுனியால் துடைத்துக் கொடுத்தார். குண்டூசியைக் குத்தியது நான்.

விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டுக் கடிதம் வந்தது. இணைத்திருக்கும் படமே அத்தாட்சி என்று அதில் எழுதியிருந்தது. நான் பாதியைத்தான் படித்துச் சொன்னேன்.

"நீங்க மலாயா போனது தெரிஞ்சிருச்சுங்கண்ணே."

"யாரு தம்பி சொன்னா?"

"தெரியலைங்க."

"யாரச் சொல்லி என்னா? பந்துக்குப் பின்னாடி போனேன்ல, அதான் தப்பு. மலைக்குப் போனோமா, கவ்வாத்து வெட்டினோமான்னு கெடந்திருக்கணும்" என்றார். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. அதற்குப் பிறகு அண்ணன் ஞாயிற்றுக்கிழமைகளில் களத்துப் பக்கம் வரவேயில்லை. என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும் போல இப்போதும் இருக்கிறது.

பல வருஷம் கழித்து இலங்கை, இந்திய அரசாங்கங்கள் இரண்டும் ஒப்பந்தம் போட்டு எங்களைப் பங்கு பிரித்தன. அண்ணன் இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தார். அதுவரை அவர் இந்தியாவைக் கண்ணால் பார்த்ததில்லை. அட்டன் ஸ்டேஷனில், தகரப் பெட்டிகளுக்கு நடுவில், என் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, அந்தப் போட்டோவ எப்புடியாச்சும் வாங்கி அனுப்புங்க. அங்கிட்டு ஏதாச்சும் மில்லு டீமுல காட்டினா வேல குடுப்பாங்க. வாயால சொன்னா யாரு நம்புவா?"

அனுப்புகிறேன் என்றேன். மூன்று தரம் பிரஜாவுரிமைக் கந்தோருக்கு அலைந்தேன். பைலில் உள்ளது அரசாங்கத்துச் சொத்து என்று தர மறுத்துவிட்டார்கள். அண்ணனிடமிருந்து ஒரே ஒரு கடிதம் வந்தது. ரோட்டு வேலையில் கல் உடைக்கிறாராம். கடைசி வரியில் போட்டோவைக் கேட்டிருந்தார். நான் பதில் போடவில்லை.

பெரட்டுக் களத்தில் இப்போது லொறி நிறுத்துகிறார்கள். அண்ணனோடு ஆடியவர்களும் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மருதமுத்து என்று ஒருவர் மலாயாவில் பதினொரு பேரை நடத்தினார் என்று சொல்ல, எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான் மிச்சம். அதையும் எழுதித்தான் வைக்கிறேன். ஒரு தடவை எழுதிக் கொடுத்துத்தான் அவரை நாடில்லாதவராக்கினேன்.