தலைகீழாக நட்ட குரோட்டன்ஸ்

குரோட்டன்ஸ் எல்லாம் ஒன்றுதானே என்று யாராவது சொன்னால், அதிகம் பேசாத எனக்கும் வாய் திறந்துவிடும். அகல இலையில் மஞ்சள் நரம்பு ஓடுவது ஒரு வகை. ரிப்பன் மாதிரி நீளமாகத் தொங்குவது இன்னொன்று. பச்சையில் தங்கப் பொட்டு தெளித்ததும் உண்டு, திருகாணிபோல முறுக்கிக்கொண்டு வளர்வதும் உண்டு. இலை பாதியில் நின்றுபோய், நடு நரம்பு மட்டும் நூலாக நீண்டு, நுனியில் இன்னொரு குட்டி இலை தொங்குமே, அது எங்கள் அத்தை கொண்டுவந்தது. அதில் ஒடித்து நட்டது என் வாசலில் இன்றும் நிற்கிறது.

அத்தை அப்பாவின் தங்கை. திருவாரூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். நான் மூன்றாவது படித்தபோது ஒரு மத்தியானம் பஸ்ஸை விட்டு இறங்கி வந்தார். பெட்டி இல்லை, பை இல்லை. கையில் அந்தக் கிளை மட்டும். வந்த கையோடு கொல்லையில் நட்டார்.

அதன் பிறகு அவர் திரும்பிப் போகவில்லை. போகிற வீட்டிலெல்லாம், ரயில் நிலையத்தில்கூட, கேட்டுக் கேட்டுக் கிளை வாங்கி வந்து நட்டார்.

“பூவும் இல்ல, காயும் இல்ல. கத்தரி வெச்சாலாவது குழம்புக்கு ஆகும்” என்றார் அப்பா.

“ஆடு கடிக்காதுல்ல? அதுக்கே வெக்கலாம்.”

அத்தையின் மாமனார் அழைத்துப்போக வந்தார். “புதுசா குச்சி நட்டிருக்கேன், துளிர்த்ததும் வர்றேன்” என்றார் அத்தை. கோபம் ஆறட்டும் என்று அவரும் போனார். அடுத்த முறை வந்தபோதும் அதே பதில். துளிர்த்ததும் நானே கொண்டுவந்து விடுகிறேன் என்று அப்பா வாக்குக் கொடுத்துவிட்டார். அத்தையின் கணவர் ஒரு தடவையும் வரவில்லை.

அந்தக் குச்சி குழாயடியில் நின்றது. இலையெல்லாம் கழித்த மொட்டைக் குச்சி. தினமும் தண்ணீர் ஊற்றியது நான்தான். எல்லாச் செடியும் துளிர்த்தது, அது மட்டும் அசையவில்லை.

கடைசியாக மாமனார் காரோடு வந்தார். கொல்லைவரை நடந்து வந்து குச்சியைப் பார்த்தார். “என்னம்மா இது! நாங்க குறுவை அறுத்து சம்பாவும் நட்டாச்சு. உன் குச்சிக்கு இன்னும் தூக்கம் தெளியலையா?”

அப்பா தலை குனிந்து நின்றார். அத்தைமீது எதுவும் தப்பில்லை என்று எனக்குத் தோன்றியது. குச்சியில்தான் தப்பு. அதைச் சொன்னேன்.

“அது தலைகீழா இருக்கு. இலை விழுந்த தழும்புக்கு மேலதான் துளிர்விடுற கண் இருக்கும். இதுல கீழ இருக்கு பாருங்க.”

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். அத்தை மட்டும் என்னைப் பார்த்தார்.

“தெரியாம நட்டுட்டியாம்மா?” என்று அப்பா மெதுவாகக் கேட்டார்.

“தெரிஞ்சுதாண்ணே நட்டேன்.” அத்தை குச்சியைப் பிடுங்கினார். “இது துளிர்த்தாலும் போகமாட்டேன், பட்டுப்போனாலும் போகமாட்டேன். இத்தனை நாள் சொல்ல பயமா இருந்துச்சு.”

“நாலு பேரு என்ன பேசுவாங்கன்னு நெனச்சியா?” என்றார் மாமனார்.

“அந்த நாலு பேரையும் வரச் சொல்லுங்க மாமா. ஆளுக்கு ஒரு குச்சி ஒடிச்சுத் தர்றேன்.”

மாமனார் அப்பாவைப் பார்த்தார். அப்பா தங்கையைப் பார்த்தார். “சாப்ட்டுட்டுக் கெளம்புங்க” என்று மாமனாரிடம் சொன்னார். கார் சாப்பிடாமலேயே போனது.

அத்தை அதே குச்சியை நேராக நட்டார். அடைமழையில் அது துளிர்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. “போயிடுவீங்களா அத்தை?” என்றேன். “போடி பைத்தியம்” என்று என் தலையில் தட்டினார்.

ஒரு விஷயம் மட்டும் எனக்கு வினோதமாக இருந்தது. அத்தை எந்தக் கிளையையும் பிளேடால் சாய்வாக அறுத்துத்தான் எடுப்பார். முதலில் கொண்டுவந்த அந்தக் கிளை மட்டும் பிய்த்தெடுத்தது. அடியில் பட்டை நார் நாராகத் தொங்கியது. ஏன் என்று பிறகு ஒருநாள் கேட்டேன்.

“அந்த வீட்ல பிளேடு தேட நேரமில்ல பாப்பா.”

பஸ்ஸுக்கு நேரமாகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.