கர்லாக்கட்டையும் என் மனைவியும்

நாற்பது தாண்டினால் ஆண்பிள்ளை உடம்பைக் கவனிக்க வேண்டும். திருவள்ளூர் கோர்ட்டில் உட்கார்ந்தே வேலை பார்ப்பவன் நான். அதனால் தினமும் இரண்டு பச்சை முட்டை, ஊறவைத்த கடலை, ஒரு உருண்டை லேகியம். பிறகு கிணற்றடியில் கர்லாக்கட்டை.

இன்று ரேடியோவில் காலைச் செய்தி முடிவதற்குள் மூச்சு வாங்கியது. கட்டையைப் போட்டுவிட்டுக் குளிக்கத் தண்ணீர் கேட்டேன்.

இறைத்துக்கொண்டிருந்த மனைவி, "கட்டைய சுத்திக்கினு இருந்த கையால ரெண்டு குடம் இறைச்சா இன்னா?" என்றாள்.

"அது வேலை. இது தேகப்பயிற்சி."

அவள் இடுப்பில் குடத்தோடு, வழியில் கிடந்த கட்டையை ஒரே கையால் தூக்கி ஓரமாக வைத்தாள். எனக்கு அதற்கு இரண்டு கை வேண்டும்.

"நீ இன்னாதான் சாப்பிடறே?" என்றேன்.

"நீங்க வெக்கிற மிச்சத்ததான்."

நான்தான் எதையும் மிச்சம் வைப்பதில்லையே! உங்கள் வீடுகளில் எப்படி?