டயருக்கு முகம் எந்தப் பக்கம்

எழுபதுகளின் கடைசியில், புனேயின் வானவடியில் நாங்கள் குடியிருந்த வீட்டு வாசலில் ராணுவம் கழித்துக்கட்டிய ஜீப் ஒன்று வந்து நின்றது. அதை ஏலத்தில் எடுத்தவன் நான். ஓட்டி வந்ததும் நான்தான் என்று சொல்ல ஆசை. ஓட்டியவர் பக்கத்து வீட்டு சுபேதார். வேலூர்க்காரர், பட்டாளத்தில் பதினைந்து வருடம் டிரைவர்களுக்குப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கையை நீட்டி நீட்டி வழி சொன்னேன். அவருக்கு வழி தெரியும்.

ஜீப் வாங்கியது ஆசைக்காக இல்லை. என் மனைவி அப்போது ஹடப்ஸருக்கு அப்பால் புதிதாக முளைத்திருந்த ஒரு விடுதிப் பள்ளியில் கணக்கு ஆசிரியை. பஸ் பெரிய சாலையில் இறக்கிவிட்டுப் போய்விடும். அங்கிருந்து பள்ளிக்கு நாலு கிலோமீட்டர் வண்டித்தடம், முழுக்கக் கரிசல் மண். வெயில் காலத்தில் பாறை, மழைக்காலத்தில் பசை. முதல் வருட மழையில் அவள் ஐந்து தடவை தாமதமாகப் போனாள். அவளை நிரந்தரமாக்குவதை ஒரு வருடம் தள்ளிவைத்திருப்பதாகவும், வரும் ஜூலையில் நிர்வாகக் குழு அவள் வகுப்பில் உட்கார்ந்து பார்த்து முடிவு செய்யும் என்றும் பள்ளி முதல்வர் கடிதம் கொடுத்தார். அன்றைக்கும் தாமதமானால் முடிவு எதுவென்று கடிதத்தில் இல்லை. எழுத வேண்டிய அவசியமும் இல்லை.

அதற்கு முன் அவள் வேலை பார்த்த இரண்டு பள்ளிகளிலும் கணக்கு நடத்த வந்தவளைத் தையல் வகுப்பில் உட்கார வைத்தார்கள். இந்தப் பள்ளியில்தான் மேல் வகுப்புக் கணக்கை அவளை நம்பிக் கொடுத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில்கூட வடிவியல் தேற்றங்களை முணுமுணுத்துக்கொண்டு வெங்காயம் நறுக்குவாள். அந்த வேலை போனால் வீட்டில் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். திரும்பவும் என்னைத் திருத்த ஆரம்பிப்பாள்.

ஜீப்பில் எஞ்சின் இருந்தது, நாலு சக்கரத்துக்கும் விசை போகும் கியர் இருந்தது, கூரையாக ஒரு தார்ப்பாய் இருந்தது. டயர்களில் மட்டும் மண்ணைப் பிடிக்கும் பட்டன் என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை. தடவிப் பார்த்தால் என் தலை மாதிரி இருந்தன. சுபேதார் குனிந்து பார்த்துவிட்டு, சாலை டயர் சேற்றில் வழுக்கும், பட்டாளத்து டயரையே போடுங்கள் என்றார். அதில் கட்டம் கட்டமாகத் தடித்த பட்டன்கள், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி.

“தடத்தப் பாத்து வண்டி வந்துச்சா போச்சான்னு எதிரிக்குத் தெரியக்கூடாது தம்பி. அதுக்காகவே செஞ்சது. இன்னொன்னு, எப்படி மாட்டினாலும் தப்பு வராது” என்றவர், கடைசி வாக்கியத்தின்போது என்னைக் கொஞ்சம் கூடுதலாகவே பார்த்தார்.

அந்தப் பார்வைதான் காரியத்தைக் கெடுத்தது. எனக்கு எதிரிகள் யாரும் கிடையாது. அலுவலகத்தில் இரண்டு பேர் உண்டு, ஆனால் அவர்கள் ஹடப்ஸர் பக்கம் வருவதில்லை. நான் நூலகத்துக்குப் போய், பாலைவனச் சண்டைகளைப் பற்றியும் விவசாய இயந்திரங்களைப் பற்றியும் தடித்த புத்தகங்களை எடுத்து வந்து ஒரு வாரம் படித்தேன். சேற்றுக்கு ஏற்றது டிராக்டர் சக்கரத்தில் இருப்பதைப் போல அம்பு அம்பாக ரப்பர் கட்டைகள் அடுக்கிய டயர்தான் என்று கண்டுபிடித்தேன். கண்டுபிடிப்பு சரிதான். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

அந்த அம்புகள் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டிய பக்கத்தை, எனக்கு முன்னால் படித்த யாரோ ஒரு புண்ணியவான் கிழித்துக்கொண்டு போயிருந்தார். ஆகவே சொந்த அறிவை நாடினேன். பூரிக்கட்டையில் தீக்குச்சிகளை அம்பு வடிவத்தில் ஒட்டி, மனைவி பிசைந்து வைத்திருந்த சப்பாத்தி மாவின்மேல் உருட்டிப் பார்த்தேன். அம்பை முன்பக்கம் பார்க்க வைத்து உருட்டினால் மாவில் விழும் அம்பு பின்பக்கம் காட்டியது. அதாவது, வண்டி பள்ளிக்குப் போகும். தடமோ வீட்டுக்குப் போவதாகச் சொல்லும். அறிவுள்ளவன் செய்யக்கூடிய காரியமா அது? மாற்றி ஒட்டி உருட்டினேன். அம்பு நேராக, நேர்மையாக, முன்னால் காட்டியது.

மனைவி கோவில்பட்டிக்காரி. கரிசலில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனவள். தீக்குச்சி பதிந்த மாவைப் பார்த்தாள்.

“மாவு கேக்குதுன்னு மண்ணும் கேக்குமாக்கும்” என்று மட்டும் சொல்லிவிட்டு, அதைப் பிடுங்கி மறுபடி பிசைந்தாள். அன்றைக்குச் சப்பாத்தியில் லேசாகக் கந்தக வாசனை.

டயர் கடைக்காரர் அசல் புனேக்காரர். வெளியே இரண்டு பலகைகள் தொங்கின. ‘ஒன்று முதல் நான்கு வரை கடை மூடியிருக்கும், தட்டினாலும் மூடியே இருக்கும்’ என்று முதல் பலகை மராத்தியில் சொன்னது. ‘யோசனை ஒரு முறை இலவசம், இரண்டாம் முறை கிடையாது’ என்றது அடுத்தது. இந்த ஊரில் கடைக்காரர்களின் பலகைகளை வெளியூர்க்காரர்கள் நகைச்சுவை என்று எடுத்துக்கொள்வார்கள். அவை சட்டம்.

டயரை எப்படி மாட்ட வேண்டும் என்று காகிதத்தில் படம் வரைந்து அவரிடம் கொடுத்தேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் படத்தைப் பார்த்தார், டயரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“சாகேப், இது உல்டா” என்றார்.

நான் தடம், அம்பு, நேர்மை என்று என் ஹிந்தியில் விளக்கினேன். அவர் கேட்டுக்கொண்டார். ஏதாவது மறுத்துப் பேசுவார், வாதாடலாம் என்று காத்திருந்தேன். அவர் விரலைத் தூக்கி இரண்டாவது பலகையைக் காட்டிவிட்டு ஜாக்கியை எடுக்கப் போனார். நாலு டயர்களும் என் படத்தில் இருந்தபடியே ஏறின. ஒரு இம்மி பிசகவில்லை.

ஜூன் மாதத் தூறலில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அதற்குள் நானே ஓட்டவும் பழகியிருந்தேன். ஈரமண்ணில் என் அம்புகள் வரிசையாகப் பள்ளியை நோக்கிக் காட்டுவதை இறங்கி நின்று ரசித்தேன்.

குழு வகுப்பைப் பார்க்கவிருந்த நாளுக்கு முந்தின இரண்டு நாளும் மழை விடவில்லை. குழுவினர் முன்கூட்டியே வந்து பள்ளியிலேயே தங்கிவிட்டார்கள். பத்து மணிக்கு வகுப்பு. நாங்கள் எட்டரைக்கே பெரிய சாலையை விட்டு வண்டித்தடத்தில் இறங்கினோம். முதல் கிலோமீட்டர் முடியும் இடத்தில், கல் பாவிய சிறு மேடு ஒன்றைத் தாண்டியதும் ஜீப் ஒரு முறை இருமியது. பிறகு நகரவில்லை. எட்டிப் பார்த்தால் டயர்களில் அம்பும் இல்லை, கட்டையும் இல்லை. நாலு கரிய உருண்டைகள் நின்ற இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தன. மண் கட்டைகளின் இடுக்கில் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மறுத்தது. நான் அழுத்த அழுத்த ஜீப் கீழே போனது.

மனைவி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். மேட்டுக்குத் திரும்பிப் போய் யோசிக்கலாம் என்று பின் கியரைப் போட்டேன்.

ஜீப் வெண்ணெயில் கத்தி போலப் பின்னால் போனது.

“நிறுத்துங்க” என்றாள். புடவையை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கினாள். பின் சக்கரத்தருகே உட்கார்ந்து, முன்னால் ஓட்டு என்று சைகை காட்டினாள். மண் அப்பியது. பின்னால் ஓட்டு என்றாள். மண் பாளம் பாளமாக இரண்டு பக்கமும் சிதறியது. தேற்றம் நிரூபணமான முகத்தோடு எழுந்து வந்தாள்.

“மாட்டினது தலைகீழு. அதனால தலைகீழாப் போனா சரியாப் போகுது. மேட்டுல வண்டியத் திருப்புங்க.”

“இன்னும் மூணு கிலோமீட்டர் இருக்கே. பின்பக்கமாவே எப்படிப் போறது?”

“இத்தன வருசத்துல முன்னாலதான் எங்கயும் கூட்டிட்டுப் போகலீக. பின்னாலயாவது போவம்.”

திருப்பினேன். அவள் பின்பக்கம் போய், தார்ப்பாய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று, இடது, வலது, நேரே என்று கட்டளையிட்டாள். நான் கழுத்தைத் திருகிக்கொண்டு ஓட்டினேன். எதிரில் வந்த மாட்டுவண்டிக்காரர் வண்டியை நிறுத்தி, நாங்கள் போகிறோமா வருகிறோமா, எந்தப் பக்கம் ஒதுங்கட்டும் என்று மராத்தியில் விசாரித்தார். நியாயமான கேள்வி. அவள் பதில் சொல்லி அவரை வலப்பக்கம் அனுப்பினாள். மாடுகள் என்னையே பார்த்துக்கொண்டு கடந்து போயின.

பத்துக்குப் பன்னிரண்டு நிமிடம் இருக்கும்போது ஜீப்பின் முதுகு பள்ளி வாசலுக்குள் நுழைந்தது. வராந்தாவில் முதல்வரும் மூன்று குழு உறுப்பினர்களும் கையில் தேநீரோடு நின்றிருந்தார்கள். மனைவி குழாயடியில் காலைக் கழுவிக்கொண்டு, அவர்களுக்கு வணக்கம் சொல்லிவிட்டு, நேரே வகுப்புக்குப் போனாள். நான் ஜீப்பிலேயே உட்கார்ந்திருந்தேன். ஜன்னல் வழியாக அவள் கரும்பலகையில் வட்டம் போடுவது தெரிந்தது. காம்பஸ் இல்லாமல், கையாலேயே ஒரே சுழற்று. புடவையின் கீழ்ப்பாதி முழுக்கக் கரிசல். பிள்ளைகள் யாரும் சிரித்ததாகத் தெரியவில்லை.

முக்கால் மணி நேரம் கழித்து வெளியே வந்தவர்களில் ஒருவர் முதல்வரின் கையைக் குலுக்கினார். மனைவி ஜன்னலில் வந்து நின்று, எனக்கு மட்டும் தெரியும்படி ஒரு முறை தலையை ஆட்டினாள். மூன்று வாரத்தில் நிரந்தர நியமனக் கடிதம் வந்தது. ஆனால் எனக்கு அந்தத் தலையாட்டல்தான் கடிதம்.

நான் அலுவலகம் போக வேண்டும். வழி அதே கரிசல், டயர் அதே டயர். வேறு வழியில்லாமல் பள்ளி முற்றத்தில் ஜீப்பைத் திருப்பி நிறுத்தி, பள்ளியைப் பார்த்தபடியே பின்பக்கமாக ஓட்டினேன். முதல்வர் வராந்தாவிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் நிற்கிறாரே என்று ஒரு கும்பிடும் போட்டேன்.

சாயங்காலம் மனைவி பஸ் நிறுத்தம்வரை நடந்தே வந்து, வீடு திரும்பியதும் முதல் காரியமாக அதைத்தான் சொன்னாள். முதல்வர் அவளிடம் உருகிப் போய்விட்டாராம். கோயிலிலிருந்து வெளியேறுகிறவர் மாதிரி, கல்விக்கூடத்துக்கு முதுகு காட்டாமல் போகிற மனிதரை இன்றைக்குத்தான் பார்த்தேன் என்றாராம்.

“நீ என்ன சொன்ன?” என்றேன்.

“எங்க பக்கத்து மரியாதை அது சார்னு சொல்லிட்டேன். டயரை இப்பப் போய் மாத்திக்கிட்டு இருக்காதீக. மழை முடியற வரைக்கும் மரியாதை இருக்கட்டும்.”