ஜெனரேட்டர் பக்கத்தை யார் திருத்துவது?

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். பிழைப்புக்கு அது உதவியாகத்தான் இருக்கிறது. ஒரு மென்பொருள் நிறுவனத்தில் கையேடு எழுதும் வேலை எனக்கு. எழுதுவதைவிட அடுத்தவர் எழுதியதை வெட்டித் தள்ளுவதுதான் அதிகம். அங்கே யாரும் அதற்கு முகம் சுளிப்பதில்லை. நேற்று வேலைக்கு வந்த பெண் என் பத்தியை அழிப்பாள், அவள் பத்தியை நான் அழிப்பேன், பிறகு இருவரும் டீ குடிக்கப் போவோம். ஊர் உலகமே இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் குடியிருப்பில் விக்கி தொடங்கினேன் பாருங்கள், அப்போதுதான் புத்தி வந்தது.

திருவான்மியூரில் கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறது எங்கள் கட்டடம். மூன்று மாடி, பன்னிரண்டு வீடு, ஒரு லிஃப்ட், ஒரு பழைய டீசல் ஜெனரேட்டர். அந்த ஜெனரேட்டரின் குணம் தெரிந்தவர் எங்கள் வாட்ச்மேன் ஒருவர்தான். கரண்ட் போன மறுநிமிடம் அதைக் கிளப்பிவிடுவார். மற்ற வீடுகளுக்கு அது ஃபேன் ஓடும் சௌகரியம். மூன்றாம் மாடி அண்ணாச்சி வீட்டுக்கு அது உயிர் விஷயம். அண்ணாச்சியின் மனைவிக்கு நுரையீரல் கோளாறு. காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கும் மெஷின் ஒன்று அவர் கட்டிலருகே நாள் முழுக்க ஓடவேண்டும். கரண்ட் இல்லாவிட்டால் மெஷின் நின்றுவிடும். அவசரத்துக்கு ஒரு சின்ன சிலிண்டர் உண்டு. அது அரைமணி நேரம் தாங்கினால் பெரிது.

ஏப்ரல் கடைசியில் வாட்ச்மேன் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். "மேடம், எனக்கு ஆபரேசனுக்கு தேதி குட்துட்டாங்க. ஒரு மாசம் வெயிட்டு தூக்கக் கூடாதாம். மாத்து ஆளு வருவான், ஆனா அவனுக்கு கேட்டைத் தவிர ஒண்ணும் தெரியாது, இப்பவே சொல்ட்டேன்."

அப்போது குடியிருப்போர் சங்கத்துக்கு நான்தான் செயலாளர். வாட்ஸ்அப் குழுவில் ஓயாமல் குறை சொன்னதற்குக் கிடைத்த தண்டனை அந்தப் பதவி. வாட்ச்மேனுக்குத் தெரிந்ததை எல்லாம் குழுவில் போட்டால் காலை வணக்கப் பூங்கொத்துகளுக்கு அடியில் புதைந்துபோகும். அதனால்தான் விக்கி. எல்லோரும் சேர்ந்து எழுதுகிற பக்கங்கள். யார் எழுதியதையும் யார் வேண்டுமானாலும் திருத்தலாம். தண்ணீர் லாரிக்கு ஒரு பக்கம், லிஃப்ட் மாட்டிக்கொண்டால் ஒரு பக்கம், ஜெனரேட்டருக்கு ஒரு பக்கம். இரண்டு ஞாயிற்றுக்கிழமை, கார் நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு வகுப்பு எடுத்தேன்.

வகுப்புக்குத் தவறாமல் வந்தவர்கள் மூன்று பேர். முதலாமவர் முதல் மாடி சார். ஓய்வுபெற்ற பொறியாளர், மாடவீதியில் பிறந்து வளர்ந்தவர், எதைக் கேட்டாலும் அதன் ஆதியிலிருந்து தொடங்குவார். இரண்டாம் மாடியிலிருந்து பாட்டு டீச்சர். சேமி என்ற பொத்தானை அழுத்தினால் ஊரிலுள்ள எல்லோருடைய கணினியும் கெட்டுவிடும் என்று திடமாக நம்பினார். மூன்றாமவர் அண்ணாச்சி. தென்காசிப் பக்கத்துக்காரர், தி. நகரில் துணிக்கடை வைத்திருக்கிறார். இவ்வளவு மரியாதை தெரிந்த மனிதரை நான் பார்த்ததில்லை. லிஃப்டில் ஏறும்போதுகூட உள்ளே இருப்பவர்களிடம் அனுமதி கேட்பார்.

பழகிக்கொள்ள ஒரு பக்கம் தொடங்கினேன்: இங்கிருந்து தி. நகர் போக எது சீக்கிர வழி? சார் ஒற்றை விரலால் தட்டினார். 'வணக்கம். சைதாப்பேட்டை வழியே சிறந்தது. இப்படிக்கு' என்று தொடங்கித் தன் பெயர், வீட்டு எண் வரை எழுதினார். அண்ணாச்சி தினமும் போய்வருகிறவர். சைதாப்பேட்டை வழி தப்பு என்று அவருக்கு நன்றாகத் தெரியும். அவர் எழுதினார்: 'ஐயா சொன்ன வழியே நல்ல வழி. நான் கோட்டூர்புரம் வழியாகப் போகிறேன்.'

"அண்ணாச்சி, தப்புன்னா அதை அழிச்சிட்டு சரியானதை எழுதுங்க. விக்கின்னா அதுதான்," என்றேன்.

அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "பெரியவுக எழுதினதுல கை வைக்கலாமா தங்கச்சி?"

சாரும் அவர் பக்கமே நின்றார். "ஏம்மா, ஒருத்தர் மெனக்கெட்டு எழுதினதை இன்னொருத்தர் அழிக்கறதாவது? நன்னாவா இருக்கும்?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இதே ஆட்கள்தான் கார் நிறுத்தும் இடத்துக்காகப் பொதுக்குழுவில் சட்டையைப் பிடிக்காத குறையாகக் கத்துவார்கள். வாயால் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், காற்றோடு போய்விடும். ஒருவர் எழுதியதை அடித்துத் திருத்துவது மட்டும் அவர்களுக்கு வீட்டு வாசலில் நின்று அவமானப்படுத்துவது மாதிரி. இரண்டு வகுப்பு முடிந்தும் ஒருவரும் மற்றவரின் ஒரு கால்புள்ளியைக்கூடத் தொடவில்லை. பக்கங்கள் மட்டும் கீழ்நோக்கி வளர்ந்துகொண்டே போயின.

ஜெனரேட்டர் பக்கமும் அப்படித்தான் வளர்ந்தது. மேலே சாருடைய பத்தி. இயந்திர ஆற்றல் எப்படி மின்னாற்றலாகிறது என்பதில் தொடங்கி, அவர் அந்தக் காலத்தில் வேலை பார்த்த தொழிற்சாலை ஜெனரேட்டர் வழியாக வந்து, கடைசியில்தான் சாவிக்கு இறங்கும்: முதலில் பெரிய ஸ்விட்சை மின்வாரியப் பக்கத்திலிருந்து ஜெனரேட்டர் பக்கம் திருப்பு, பிறகு சாவியைப் போடு. அதற்குக் கீழே டீச்சர் 'அருமையான விளக்கம்' என்று எழுதியிருந்தார். அடியில் அண்ணாச்சியின் நாலு வரி.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். சாருடைய வரிசை தவறு என்று எனக்குச் சந்தேகம் இருந்தது. வாட்ச்மேன் சாவியை முதலில் போடுவதை நானே பார்த்திருக்கிறேன். அழிக்கலாம் என்று பக்கத்தைத் திறந்தேன். எழுபது வயதைத் தாண்டியவர், ஒற்றை விரலால் இரண்டு மணி நேரம் தட்டியது கண்முன்னால் வந்தது. மனசு நோகுமே என்று மூடிவிட்டேன். இரண்டு ஞாயிறு தொண்டை கிழியக் கத்திய லட்சணம் இது.

மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, பகல் பதினொரு மணி. வீட்டில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஃபேன் நின்றது. வழக்கம்போல ஜெனரேட்டர் சத்தத்துக்குக் காத்திருந்தேன். சத்தம் வரவில்லை. வாட்ச்மேன் ஆஸ்பத்திரியில் இருப்பது அப்போதுதான் உறைத்தது. செருப்பைக்கூடப் போடாமல் கீழே ஓடினேன்.

அண்ணாச்சி அங்கே இருந்தார். ஒரு கையில் சாவி, ஒரு கையில் போன். சார் வேட்டி பனியனோடு வந்துவிட்டார். மாற்று ஆள் கேட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றான். வாட்ச்மேனுக்குப் போன் போட்டேன், அணைத்து வைத்திருந்தார். டீச்சர் மேலே போய், அண்ணாச்சியின் மனைவிக்கு சிலிண்டரை மாட்டிவிட்டு, பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

அண்ணாச்சி சாருடைய பத்தியை முதல் வரியிலிருந்து, பாடம் ஒப்பிப்பது மாதிரி வாசிக்கத் தொடங்கினார். "இயந்திர ஆற்றலானது..."

"சாவிக்கு வாங்க அண்ணாச்சி!" என்று கத்தினேன்.

பத்தியில் இருந்தபடியே ஸ்விட்சைத் திருப்பினார், சாவியைப் போட்டார். ஜெனரேட்டர் உறுமியது, இருமியது, அணைந்தது. மறுபடியும் அதே. மூன்றாவது தடவையும் அதே. "லோடு ஜாஸ்தியா இருக்கோ?" என்று சார் முணுமுணுத்தார். அண்ணாச்சியின் சட்டை தெப்பமாக நனைந்திருந்தது.

"சிலிண்டர் முள்ளு சிவப்புக்கு வந்தாச்சு!" என்று மேலிருந்து டீச்சர் குரல் கொடுத்தார். யாரும் சிலிண்டரை நிரப்பி வைத்திருக்கவில்லை.

அண்ணாச்சியின் கையிலிருந்து போனைப் பிடுங்கி, கீழே கீழே தள்ளினேன். அடியில் அவருடைய நாலு வரி. 'மேலே ஐயா சொன்னதே சரி. வாட்ச்மேன் சொன்னதையும் சும்மா எழுதி வைக்கிறேன். ஸ்விட்சை நடுவில் நிறுத்தி, சாவி போட்டு, இரண்டு நிமிடம் வண்டியைச் சும்மா ஓடவிடணும். பிறகுதான் ஜெனரேட்டர் பக்கம் திருப்பணும்.'

"இது நீங்க எழுதினதுதானே அண்ணாச்சி?"

"ஆமா தங்கச்சி. ஆனா ஐயா வேற மாதிரில்லா சொல்லியிருக்காவ."

பளாரென்று ஒரு அறை விடலாம் போலிருந்தது. அந்த அறைக்கு முதல் உரிமைக்காரி நான்தான் என்பதால் சும்மா இருந்தேன். ஸ்விட்சை நடுவில் நிறுத்தினேன். அண்ணாச்சி சாவியைத் திருகினார். வண்டி உறுமியது, அணையவில்லை. இரண்டு நிமிடம் நாங்கள் மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றோம். வாழ்நாளில் அவ்வளவு நீளமான இரண்டு நிமிடத்தை நான் பார்த்ததில்லை. பிறகு அண்ணாச்சி ஸ்விட்சைத் திருப்பினார். "ஓடறது! மெஷின் ஓடறது!" என்று டீச்சர் கத்தியது தெருமுனை வரை கேட்டிருக்கும்.

எல்லோரும் மேலே போனோம். அண்ணாச்சியின் மனைவி மூக்கில் குழாயோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நடந்ததை டீச்சர் ஒன்றுவிடாமல் சொல்லி முடித்தார். அந்த அம்மா கணவரை மேலும் கீழும் பார்த்தார். "நான் இங்க மூச்சுக்குத் தவிக்கேன். இவுக கீழ நின்னு மரியாதை பாத்துக்கிட்டு இருந்திருக்காவ." முதலில் அவர்தான் சிரித்தார், பிறகு இருமினார். சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நாங்களும் சிரித்தோம். சார் மட்டும் சிரிக்கவில்லை.

மத்தியானம் மூன்று மணி இருக்கும். சாரிடமிருந்து போன் வந்தது.

"ஜெனரேட்டர் பக்கத்துல என் பத்தி மொத்தமும் காணும்மா. அண்ணாச்சி அழிச்சிருக்கார்."

நான் வரிந்துகட்டிக்கொண்டு நிமிர்ந்தேன். "சார், அது அழிஞ்சா அழிஞ்சதுதான். இதுக்கெல்லாம் வருத்தப்பட்டா..."

"இரு, இரு. மாற்றத்துக்குக் காரணம்னு ஒரு சின்னக் கட்டம் இருக்கே. அதுல என்னவோ எழுதியிருக்கார். படிச்சியோ?"

படிக்கவில்லை. அப்படி ஒரு கட்டம் இருப்பதை வகுப்பில் நான் சொல்லித்தரக்கூட மறந்திருந்தேன். அண்ணாச்சி தானாகத் தேடிக் கண்டுபிடித்திருக்கிறார்.

சார் எனக்குப் படித்துக் காட்டினார். "ஐயா மன்னிக்கணும். எனக்கு அவ வேணும்."

அந்த வரியை அவர் இன்னொரு தடவை வாசித்தார்.

"நானே அழிச்சிருக்கணும்மா," என்றார்.

"நானும்தான் சார்," என்றேன்.