தேர்வுக்காகக் காக்க வைத்த பல்

பெங்களூரில் பல் மருத்துவம் படித்தபோது, சொத்தைப் பல்லை அடைத்துக் காட்டும் இறுதித் தேர்வுக்கு நோயாளியை நாங்களே அழைத்துவர வேண்டும். நான் தங்கியிருந்த ஈஜிபுராவில் பக்கத்து வீட்டு செல்வி அக்காவுக்குக் கடைவாய்ப்பல்லில் சொத்தை. நான் பார்த்த அன்றே கல்லூரியில் அடைத்திருக்கலாம். "பரீட்சைக்கு ஒரு மாசம்தான்கா, வேற எங்கயும் காட்டாதீங்க" என்றேன்.

தேர்வன்று கன்னம் வீங்கி வந்து நின்றார். இனி அடைக்க முடியாது. மதிப்பெண் போன ஆத்திரத்தில் கத்தினேன். "இவ்ளோ வீங்கற வரைக்கும் சும்மா இருந்தீங்களா? டாக்டர்கிட்ட போக வேண்டியதுதானே?"

"நீதானேம்மா போக வேணான்னே. லீவு போட்டுட்டு வந்திருக்கேன்."

அந்தப் பல்லைப் பிடுங்கினார்கள். வேறொரு நோயாளியை வைத்து நான் தேறிவிட்டேன்.

இன்றும் என் கிளினிக்குக்கு, "நல்ல டாக்டர்" என்று சொல்லி ஆள் அனுப்புகிறார் அக்கா. ஒருமுறையாவது என்னைத் திட்டித் தொலைத்திருக்கலாம்.