புட்டியில் நாற்பது மில்லி

காலை ஆறு மணி நாற்பது நிமிடம். அடுப்பு மேடையில் நிறுத்தியிருந்த புட்டியில் முதலில் கண்ணில் பட்டது நாற்பது என்ற எண். பால் அந்தக் கோட்டுக்குச் சற்றுக் கீழே நின்றது. குனிந்து, கண்ணைக் கோட்டுக்கு நேராக வைத்து இன்னொரு முறை பார்த்தேன். மாறவில்லை. இரண்டு பக்கமும் சேர்த்து இருபது நிமிடம் பம்ப் ஓடி வந்தது அவ்வளவுதான். இரண்டு வாரத்துக்கு முன் இதே நேரத்தில் இதே புட்டியில் நூற்றுப் பத்து இருந்தது.

என் மகளுக்கு அப்போது ஐந்து மாதம் முடிந்து சில நாட்கள். பிரசவ விடுப்பு முடிந்து நான் வேலைக்குத் திரும்பி இரண்டு வாரம் ஆகியிருந்தது. வேலை செங்கல்பட்டில், ஒரு நாளிதழின் மாவட்ட அலுவலகத்தில். நிருபர்கள் அனுப்பும் செய்திகளைத் திருத்தித் தலைப்புப் போடுவது என் பொறுப்பு. காஞ்சிபுரத்தில் காலை ஏழே காலுக்குப் பேருந்து ஏறினால், வாலாஜாபாத்தில் கூட்டம் ஏறி இறங்கி, ஒன்பதுக்குள் போய்விடலாம். வீடு திரும்ப மாலை ஐந்தரை. இடைப்பட்ட நேரத்தில் குழந்தை மூன்று முறை குடிப்பாள், ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய நூறு மில்லி. முதல் நாள் நான் எடுத்து வைத்தது மறுநாள் அவளுடைய சாப்பாடு. வீட்டில் காலையில் ஒரு முறை, அலுவலகத்தில் மூன்று முறை எடுப்பேன். முதல் இரண்டு நாள் கணக்குச் சரியாக இருந்தது. பிறகு குறையத் தொடங்கியது. விடுப்பில் இருந்தபோது ஃப்ரீசரில் சேர்த்து வைத்த ஆறு பைகளும் முதல் வாரத்திலேயே தீர்ந்தன.

ஆறு மாதம் முடியும்வரை என் பாலைத் தவிர வேறெதுவும் கொடுப்பதில்லை என்று தீர்மானித்திருந்தேன். அதை யாரிடமும் பெரிதாகச் சொல்லிக்கொண்டதில்லை. இன்னும் மூன்று வாரம்தான் இருந்தது. அன்று காலை புட்டியைப் பார்த்தபோது மூன்று நாள்கூடத் தாங்காது என்று தோன்றியது.

பகலில் குழந்தையைப் பார்த்துக்கொண்டவர் என் கணவரின் அக்கா. நான் அவரை அண்ணி என்று கூப்பிடுவேன். பக்கத்து வீடு. அவருடைய கணவர் சாயப்பட்டறை வைத்திருக்கிறார். அண்ணி வீட்டில் தறி போடுகிறார். எனக்காகக் காலை நேர நெசவை விட்டுவிட்டு, குழந்தை தூங்கும்போது மட்டும் தறியில் உட்கார்ந்தார். பட்டறைக்குத் தினமும் நூல் வரும், போகும். அண்ணியின் கை எப்போதும் ஏதாவது ஒன்றைப் பிரித்துக்கொண்டோ முறுக்கிக்கொண்டோ இருக்கும். பம்பை முதல் தடவை பார்த்தபோது அவர் சொன்னது:

"மாட்டுக்கே இப்ப மெஷின்தான். பால் சொசைட்டில பாத்துக்கினு வந்தேன். அது கூட இவ்ளோ சத்தம் போடலமா."

கேலி செய்தாலும் எல்லாவற்றையும் ஒழுங்காகக் கற்றுக்கொண்டார். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பாலை அடுப்பில் காய்ச்சக் கூடாது, வெந்நீரில் நிறுத்தித்தான் குளிர் போக்க வேண்டும் என்று ஒரு முறைதான் சொன்னேன். புட்டியில் ரப்பர் போட்டுக் கொடுக்காமல் வெள்ளிப் பாலாடையில் புகட்டினார். அதில் பழகினால் அம்மாவிடம் குடிக்க மறுக்காது என்பது அவர் கணிப்பு. அது சரியாகவே இருந்தது. நான் மாலையில் களைத்து வருவதைப் பார்த்து, பம்பின் பாகங்களைக் கழுவிக் கொதிக்க வைக்கும் வேலையையும் இரண்டாம் நாளிலிருந்து அவரே எடுத்துக்கொண்டார்.

பால் குறைகிறது என்று தெரிந்ததும் சமையல் மாறியது. பூண்டுக் குழம்பு, பால் சுறாப் புட்டு, முருங்கைக் கீரை, மறுபடியும் பூண்டு. அலுவலகத்தில் என் பக்கத்து மேசைக்காரர் ஜன்னலோரம் இடம் மாறிக்கொண்டார். என் கணவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை பால்பவுடர் டின் ஒன்றை வாங்கி வந்து அலமாரியில் வைத்தார். டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் வாங்கினேன், கட்டாயம் ஒன்றுமில்லை, இருக்கட்டும் என்றார். டின் இரண்டு நாள் மூடியபடி இருந்தது. நாற்பது மில்லி வந்த அன்று அண்ணி அதைத் திறந்தார். குழந்தை முகம் சுளிக்காமல் குடித்தாளாம். மாலையில் அதைக் கேட்டு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி எனக்குப் பிடிக்கவில்லை.

என்னிடம் ஒரு குறிப்பேடு இருந்தது. தேதி, மணி, மில்லி. தினம் நான்கு வரி. அதைப் படித்தால் யாரும் ஒரே முடிவுக்குத்தான் வருவார்கள்: வேலைக்குப் போனதும் இவளுக்குப் பால் வற்றுகிறது. ஆனால் அந்தக் குறிப்பேட்டில் இல்லாத விஷயங்களும் இருந்தன. குழந்தை நாளுக்கு ஏழெட்டுத் துணி நனைத்துக்கொண்டிருந்தாள். அங்கன்வாடியில் எடை போட்டபோது அட்டையில் கோடு ஒழுங்காக மேலே ஏறியிருந்தது. மாலையில் நான் வந்ததும் நேரடியாகக் குடித்தால் விழுங்கும் சத்தம் கேட்கும், குடித்து முடித்ததும் கை விரல்கள் விரிந்துவிடும். ஒரே ஆதாரத்தை வைத்துச் செய்தி எழுதாதே என்று பன்னிரண்டு வருடமாகப் பிறருக்குச் சொல்லி வந்தவள், இரண்டு வாரம் பம்ப் சொன்னதை மட்டும் நம்பினேன்.

அந்த வார வெள்ளிக்கிழமை காலை எங்கள் தெருவில் பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்திவிட்டார்கள். பம்பை சார்ஜ் போட முடியவில்லை. சார்ஜரும் வீட்டிலேயே தங்கிவிட்டது. அலுவலகத்தில் பத்தரை மணிக்கு, பழைய நாளிதழ்க் கட்டுகள் அடுக்கிய அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தபோது அது இரண்டு நிமிடம் உறுமி நின்றது. மார்பு கட்டிப்போய் வலித்தது. குழந்தை பிறந்த மறுநாள் ஆஸ்பத்திரியில் நர்ஸ் காட்டிக் கொடுத்தது நினைவுக்கு வந்தது: கட்டைவிரல் மேலே, மற்ற விரல்கள் கீழே, காம்பிலிருந்து கொஞ்சம் தள்ளி, முதலில் நெஞ்சுப் பக்கம் உள்ளே அழுத்தி, பிறகு விரல்களைச் சேர்க்க வேண்டும், தோல் மேல் வழுக்கக் கூடாது. முதல் ஒரு நிமிடம் சொட்டுகள்தான். பிறகு நூல் நூலாகப் பீய்ச்சியது. விரல்களைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி நகர்த்தினேன். இருபத்தைந்து நிமிடம் ஆனது. புட்டியில் எண்பத்தைந்து மில்லி. முந்தைய நாள் அதே நேரத்தில் பம்ப் கொடுத்தது முப்பது.

கையைத் துடைத்துக்கொண்டு பம்பைப் பாகம் பாகமாகப் பிரித்து, பழைய செய்தித்தாள் மேல் வரிசையாக வைத்தேன். புனல், மூடி, குழாய், வால்வு. வால்வு என்பது ஒரு சின்ன சிலிக்கோன் துண்டு, வாத்து அலகு போலிருக்கும். உறிஞ்சும்போது அலகு இறுக மூட வேண்டும், விடும்போது திறந்து பாலைப் புட்டிக்குள் இறக்க வேண்டும். பம்ப் வாங்கியபோது உபரியாக ஒன்று வந்திருந்தது. அது பையின் பக்க அறையில் பிரிக்காமல் கிடந்தது. அதை எடுத்துப் பழையதன் பக்கத்தில் வைத்தேன். புதியதன் அலகு முடி போன்ற ஒரு கோடு. பழையதை வெளிச்சத்தில் பிடித்தால் அதன் வழியே டியூப் லைட் தெரிந்தது. மூட வேண்டியது மூடவில்லை. இழுவை அத்தனையும் அந்த ஓட்டை வழியே போயிருக்கிறது.

எப்படித் திறந்துகொண்டது என்பது அன்று மாலை தெரிந்தது. வழக்கமாக நான் வந்ததும் குழந்தையை எடுத்துக்கொண்டு அறைக்குப் போய்விடுவேன். சமையலறையில் நடப்பதைப் பார்த்ததில்லை. அன்று குழந்தையை மடியில் வைத்து அங்கேயே உட்கார்ந்து பால் கொடுத்தேன். அண்ணி ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, அதில் ஒரு ஸ்பூன் சலவை சோடா போட்டார். பாகங்களைப் போட்டு மூடினார். அரை மணி நேரம் கொதிக்கவிட்டார். பிறகு இரண்டு முறை நல்ல தண்ணீரில் அலசினார். கடைசியில் ஒரு மூங்கில் குச்சியை எடுத்து, புனலையும் வளையங்களையும் அதில் கோத்தார். வால்வின் அலகை விரலால் பிளந்து குச்சியை அதன் வழியே நுழைத்தார். குச்சியின் இரண்டு முனையையும் ஜன்னல் கம்பிகளுக்கு நடுவில் செருகினார். பட்டறையில் கொதிக்க வைத்து அலசிய பட்டு நூல் கழியில் தொங்குவதைப் போலவே அவை வரிசையாகத் தொங்கின. விடியும்வரை அப்படித்தான் இருக்கும். ஒரு குறையும் சொல்ல முடியாத வேலை.

சொல்லாமல் விட்டுவிடலாமா என்று யோசித்தேன். புதிய வால்வைப் போட்டு, இனி நானே கழுவுகிறேன் என்றால் முடிந்தது. ஆனால் காரணம் சொல்லாமல் ஒருவர் கையிலிருந்து வேலையைப் பிடுங்கினால் அவர் வேறு காரணங்களைத் தேடிக்கொள்வார். குச்சியிலிருந்து பழைய வால்வைக் கழற்றி, புதியதோடு சேர்த்து உள்ளங்கையில் வைத்து அவரிடம் நீட்டினேன். அவர் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். நூலில் பிசிர் பார்க்கும் கண். நான் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"இது வாய மூடிக்கினு இருக்குது," என்றார் புதியதைக் காட்டி. "நான் தொறந்தாத்தான் உள்ள காயும்னு குச்சிய வுட்டேன்."

சோடாவில் கொதித்து இளகியதைத்தான் குச்சி விரித்திருக்கிறது. சோடாவும் எதற்கு என்று கேட்டேன்.

"பட்டுல பசை போவணும்னா சோடா போடாம போவுமா? பால் பிசுக்கும் அந்த மாதிரிதானேன்னு பண்ணேன்." வால்வுகளை என் கையில் திருப்பிக் கொடுத்தார். பிறகு, "அப்ப டின்னு வாங்கினது என்னாலதான்" என்றார்.

"நானும் பாக்கல அண்ணி. தெனம் நாலு தடவ கையில எடுத்து மாட்டிக்கினு, ஒரு நாள் கூட பாக்கல."

"நீ பேப்பர்ல வேல செய்யறவ. ஊர்ல இருக்கற தப்பெல்லாம் உன் கண்ணுக்குத்தான் தெரியும்" என்றார். என் மடியிலிருந்த குழந்தையின் காலைப் பிடித்து லேசாக ஆட்டினார். "இன்னாடி, அத்தக்காரி உன் சோத்துல கை வெச்சிட்டேன்."

வால்வை மாற்றியதும் பழைய அளவு வந்துவிடவில்லை. மறுநாள் காலை அறுபது. இரண்டு வாரமாகப் பாதிப் பால் வெளியே வராமல் நின்றதால் உடம்பும் அந்த அளவுக்குக் குறைத்துக்கொண்டிருந்தது. எடுக்க எடுக்கத்தான் ஊறும். மூன்று நாள் விடுப்பு எழுதிக் கொடுத்தேன். அந்த நாட்களில் குழந்தை கேட்கும்போதெல்லாம் கொடுப்பது, குடித்து முடித்ததும் பத்து நிமிடம் பம்ப், அதன் பிறகும் கனமாக இருக்கும் இடத்தைக் கையால் எடுப்பது என்று திட்டம்.

குழந்தைக்கு வேறு திட்டம் இருந்தது. பிறந்த புதிதில் கையில் ஏந்திய நிலையிலேயே குடித்தவள், ஏழு கிலோ ஆனபின் அதில் அடங்கவில்லை. தெருவில் ஆட்டோ போனால் வாயில் காம்புடன் திரும்பிப் பார்ப்பாள். ஒருக்களித்துப் படுத்துக் கொடுத்தால் முட்டி போட்டு எழுந்திருக்கப் பார்ப்பாள். சோபாவில் உட்கார்ந்தால் என் கால் தரையில் சரியாகப் பதியாது, முதுகு வளையும், பத்து நிமிடத்தில் தோளிலிருந்து மணிக்கட்டுவரை வலிக்கும். தலையணைகளை அடுக்கிப் பார்த்தேன். அவள் அவற்றை உதைத்துத் தள்ளினாள்.

விடுப்பின் இரண்டாம் நாள் அமாவாசை. எங்கள் பக்கம் அன்று தறி ஓட்ட மாட்டார்கள். தெரு முழுக்கச் சத்தம் இல்லை. அண்ணி வீட்டு முன்கட்டில் நான் குழந்தையுடன் நின்றபடியே கொடுக்க முயன்றுகொண்டிருந்தேன். அவர் சிறிது நேரம் பார்த்தார். பிறகு தறியின் மேல் விரித்திருந்த பாவு நூலை ஒரு பழைய வேட்டியால் மூடினார்.

"இங்க உக்காரு. கால உள்ள தொங்கவுடு."

தறிக்குழியின் விளிம்பில் உட்கார்ந்தேன். அதன் தரையில் பாதம் முழுதாகப் பதிந்தது. தொடை சமமாக நின்றது. பின்னால் சுவர், முதுகுக்குச் சரியான தூரத்தில். நாள் முழுக்க உட்கார்ந்து வேலை செய்ய வேண்டியவர்கள் அளவெடுத்துத் தோண்டிய குழி. குழந்தையை என் ஒரு தொடையின் மேல் குதிரை ஏறுவதுபோல், என்னைப் பார்த்து நிமிர்த்தி உட்கார வைத்தேன். ஒரு கையை அவள் கழுத்துக்குக் கீழே கொடுத்தேன். அவளாகவே வாயைக் கொண்டு வந்தாள். நிமிர்ந்த நிலையில் சுற்றிலும் பார்க்க முடிந்ததால் திரும்ப வேண்டிய அவசியம் அவளுக்கு இருக்கவில்லை. ஒரு பக்கம் பன்னிரண்டு நிமிடம், மறு பக்கம் ஒன்பது. எனக்குக் கை வலிக்கவில்லை.

வீட்டில் அந்த உயரத்தைக் கொண்டுவர ஒரு மர முக்காலி போதுமாயிருந்தது. அலுவலகத்துக்கும் அதையே செய்தேன்: காலுக்குக் கீழே ஒரு நாளிதழ்க் கட்டு, முதுகுக்குப் பின்னால் இன்னொன்று. பம்ப் ஓடும்போது தோளை இறக்கி உட்கார்ந்தால் பால் சீக்கிரம் இறங்கியது. பாகங்களை அண்ணியே தொடர்ந்து கழுவினார். சோப்புத் தண்ணீர், ஐந்து நிமிடம் கொதி, சுத்தமான துணியில் கவிழ்த்து வைப்பது. வால்வை மட்டும் ஒவ்வொரு நாளும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த பிறகே கீழே வைத்தார்.

அறுபது எழுபதானது. ஒரு நாள் ஐம்பத்தைந்துக்கு இறங்கியது. அன்று எனக்குக் காய்ச்சல். பிறகு எண்பது, தொண்ணூறு. டின் பால் தினம் ஒரு வேளை என்று ஒன்பது நாள் கொடுத்தோம். பத்தாம் நாள் தேவைப்படவில்லை. தீர்மானித்தபடி நடக்கவில்லை என்பதைக் குறிப்பேட்டில் தேதியுடன் எழுதி வைத்தேன்.

அவளுக்கு ஆறு மாதம் முடிய நான்கு நாள் இருக்கையில், ஒரு புதன்கிழமை மாலை நான் வீட்டுக்கு வந்தபோது, அன்று கொடுத்துவிட்டுப் போனதில் முப்பது மில்லி மிஞ்சியிருந்தது. அண்ணி அதைக் கொல்லையில் செம்பருத்திச் செடிக்கு ஊற்றினார்.